கழுதையின் செருப்பும் விதி பதினான்கும்

1

"வாசிப்பு நூல் எதுவாயினும், நூற்குழு உறுப்பினர் இருவர் அதை முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை வாசித்து, வாசித்ததற்கு அடையாளமாக ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பம் இட்ட பின்னரே, வகுப்புக்கோ தேர்வுக்கோ அனுப்பப்பட வேண்டும்."

சென்னை ஆழ்வார்பேட்டையில் நான் ஊதியமின்றி அரபு வாசிப்புக் கற்பிக்கும் மொழி நடுவத்தின் பதினான்காம் விதி இது. நல்ல விதி. நானே எழுதியிருந்தாலும் இதைவிடத் தெளிவாக எழுதியிருக்க மாட்டேன். இலங்கையின் கிழக்கு மாகாணக் கல்வி அலுவலகங்களில் முப்பத்து நான்கு ஆண்டு இருந்து, பிரதிக் கல்விப் பணிப்பாளராக ஓய்வு பெற்றவள் சொல்வது, ஆகவே இது சின்னப் பாராட்டு அல்ல. இந்த நகரத்தில் அந்த விதியை வாசித்த ஒரே ஆள் நான்தான் என்பது பின்னால் தெரிந்தது.

கணவர் காலமான பின், ஒரே மகள் ரிஸானா வாழ்க்கைப்பட்ட ராயப்பேட்டைக்கு வந்து பதினொரு ஆண்டாகிறது. ஒவ்வொரு நவம்பரிலும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குப் போய், இன்னும் உயிரோடு இருக்கிறேன், இன்னும் அதே மகளோடு இருக்கிறேன் என்று நிரூபிப்பேன். இந்த முறை கண்ணாடிக்கு அப்பால் இருந்த இளம் அதிகாரி கேட்டார்.

"இங்க என்ன பண்றீங்க?"

"அரபு வாசிக்கக் கற்பிக்கிறேன். சம்பளமில்லாமல். அதற்கான அனுமதிக் கடிதம் நான்காம் இணைப்பு."

"யாருக்கு?"

"ஆட்டோ ஓட்டுநர், மருந்துக்கடைப் பையன், ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற பெண்."

பதினொரு ஆண்டில் அந்தக் கண்ணாடிக்கு அப்பால் ஒரு முகம் நிமிர்ந்து என்னைப் பார்த்தது அன்றுதான். "மெட்ராஸில் என்னதான் செய்கிறாய்" என்று ஊரிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கும் அதே பதிலைச் சற்று நீட்டி எழுதுகிறேன்.

2

இங்கே பெரிய தனியார் மருத்துவமனைகளைச் சுற்றியுள்ள தெருக்களில் அரபுப் பலகைகள் தொங்குகின்றன. ஓமானிலிருந்தும் யெமனிலிருந்தும் இதயத்துக்கும் ஈரலுக்கும் வைத்தியம் தேடி வருகிறார்கள். விடுதிச் சமையற்காரர் முதல் ஸ்கேன் அறைத் தாதி வரை எல்லோரும் "யல்லா", "ஷுக்ரன்" அளவில் பேசிவிடுகிறார்கள். நோயாளி ஒரு துண்டுத் தாளை நீட்டினால்தான் வாயடைத்துப் போகிறார்கள். அவர்களுக்காகத் தொடங்கிய வகுப்பு இது.

நடுவத்தார் முதலில் ஓர் இலக்கணப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். வினைச்சொல் ஒன்று, அதன் பதினான்கு வடிவங்கள், அட்டவணை. இரண்டாம் வாரம் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். எனக்கு வியப்பில்லை. நம் ஊரில் நாமெல்லாம் ஐந்து வயதில் அரபு எழுத்தைக் கூட்டப் பழகி, ராகத்தோடு ஓதி, ஒரு சொல்லின் பொருளும் அறியாமல் வளர்ந்தவர்கள்தானே. என் பதின்மூன்றாம் வயதில் யாரோ கொடுத்த படப்புத்தகம் ஒன்றில் எழுத்துக் கூட்டிக்கொண்டே போனபோது, கூட்டிய சொல்லும் பக்கத்தில் நின்ற கழுதையும் ஒன்று என்று சட்டென விளங்கியது. அதுவரை நான் வாசித்தது வாசிப்பே அல்ல என்று புரிந்த நாள் அது.

பின்னாளில் பாடசாலைகளைப் பார்வையிடப் போகும்போது, யாரோ அன்பளிப்பாக அனுப்பிய அரபுச் சிறுவர் கதைகள் அலுமாரியில் பூட்டிக் கிடக்கும். "பிள்ளைகள் தொட்டால் அழுக்காகும் சேர்" என்பார்கள். பெண்ணான என்னையும் சேர், அதாவது இங்கத்திய சார், என்றே அழைப்பார்கள். கறையான் தொட்டபோது யாரும் தடுக்கவில்லை. கறையான் அரித்த புத்தகங்களைக் கழிப்பதற்கு மூன்று பேர் கொண்ட குழு அமைத்து அறிக்கை எழுதினோம். அந்த அறிக்கையில் என் கையெழுத்தும் உண்டு. இன்றைக்கும் அதை நினைத்தால் வாய் கசக்கிறது.

ஆகவே இங்கே இலக்கணத்தை மூடிவைத்துவிட்டு, என்னிடமிருந்த சிறுவர் கதை ஒன்றைப் படியெடுத்துக் கொண்டுபோனேன். சிறுவர் கதையில் ஒரு வசதி உண்டு. வளர்ந்தவர்களுக்கான அரபில் உயிர்க்குறிகளைப் போட மாட்டார்கள், தெரிந்தவர்கள் ஊகித்துக்கொள்ள வேண்டும். சிறுவர் கதையில் ஒவ்வோர் எழுத்தின் மேலும் கீழும் குறி இருக்கும். வாக்கியம் குட்டையாக இருக்கும். ஒரே வாக்கியம் பக்கத்துக்குப் பக்கம் திரும்பி வரும். என் கதையில் ஒரு கழுதைக் குட்டி காலையில் கண் விழித்துத் தன் காலைப் பார்க்கிறது. வெறுங்கால். ஒட்டகத்திடம் போய் "எனக்குச் செருப்பு வேண்டும்" என்கிறது. ஆட்டிடம் போய் அதையே சொல்கிறது. கடைசியில் செருப்புத் தைப்பவர் நான்கு செருப்பு செய்து கொடுக்கிறார். மணலில் நடக்க முடியவில்லை. கழற்றி எறிந்துவிட்டு வீட்டுக்கு ஓடிப்போய்த் தூங்குகிறது.

ஆட்டோ ஓட்டும் பாபு முதல் நாளே கேட்டார். "இன்னா டீச்சர், கய்தைக்கு நாலு செருப்பா? எனக்கு கீறதே ரெண்டு, அதுலயும் ஒண்ணு அறுந்துபோய் கீது." சிரித்தார்கள். ஆனால் வகுப்பு முடிந்ததும் பாபு அந்தத் தாள்களை மாலைப் பத்திரிகைக்குள் செருகி மறைத்துக்கொண்டு போனார். ஸ்டாண்டில் யாராவது பார்த்துவிட்டால் மானம் போய்விடுமாம்.

நான்கு மாதத்தில், மிஞ்சிய ஐந்து பேரும் அந்தக் கதையைத் தங்குதடையின்றி வாசித்தார்கள். இலக்கண அட்டவணை அதற்குள் ஒரு வினைச்சொல்லைக்கூடத் தாண்டியிருக்காது.

3

ஐவரில் ஸ்டெல்லாவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வயது நாற்பத்து மூன்று. ஆற்றங்கரைக் குடிசையை இடித்து, பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்ட குடும்பம். அடையாறு பக்கம் ஒரு மருத்துவமனையில் தரை துடைக்கிறாள். பினாயில் பட்டுப் பட்டு விரல் நுனிகளில் தோல் நிற்பதில்லை. ஏன் அரபு என்று சேர்ந்த அன்று கேட்டேன்.

"ஒரு யெமன் கெழவி டீச்சர். ஒரு பேப்பர காட்டி காட்டி அழுதுகினே கீது. நா இன்னாத்த கண்டேன்? அங்க போ, இங்க போன்னு கைய காட்டினேன். கட்சீல பாத்தா, கக்கூஸ் எங்க கீதுன்னு அது மவன் எழுதி குட்த்திருக்கான். அதுக்குள்ள பாவம், துணியிலயே போயிட்ச்சு. தொடச்சது யாரு? நானு. அத்த படிக்கத் தெர்ஞ்சிருந்தா தொடைக்கவே வேணாமே!"

அந்த மருத்துவமனையின் மூன்றாம் மாடி வெளிநாட்டு நோயாளிகளுக்கானது. அங்கே உதவியாளர் இடம் ஒன்று காலியாக இருந்தது. நோயாளியை வரவேற்பது, தாளை வாசித்துச் சரியான அறைக்கு அழைத்துப் போவது, படிவம் நிரப்ப உதவுவது. இருபது ஆண்டு பழகிய முகம் என்பதால் ஸ்டெல்லாவுக்கே தருவதாகச் சொன்னார்கள். ஒரே நிபந்தனை, எங்கள் நடுவத்தின் வாசிப்புச் சான்றிதழை ஜனவரி முடிவதற்குள் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் வெளியிலிருந்து ஆளெடுப்பார்கள். வாளியும் துடைப்பமும் இல்லாமல் அந்தக் கட்டடத்துக்குள் நடப்பது எப்படி இருக்கும் என்று அவள் பார்க்க விரும்பினாள்.

டிசம்பரில் தேர்வு. அதற்கு முன் நடுவத்தின் செயலருக்கு ஒரு யோசனை உதித்தது. கதையை நடுவத்தின் சொந்தப் பதிப்பாகவே அச்சிட்டு, அவருடைய முன்னுரையோடு தேர்வுக்கு வைக்கலாம் என்றார். மூல நூலைக் கொடுத்தேன். கூடவே ஒரு கடிதம். அதன் மூன்றாம் பத்தியில், அரபு நூல் வலப்பக்கமிருந்து திறக்கும், நமக்குக் கடைசிப் பக்கமாகத் தெரிவதே அதன் முதல் பக்கம் என்று எழுதியிருந்தேன். அந்தக் கடிதம் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. கோப்பில் இருப்பதற்கு மேல் அதற்கு வேறு வேலை இருக்கவில்லை.

அச்சகத்துக்காரர் நூலைத் தமிழ்ப் புத்தகம்போல் மடிப்பு இடப்பக்கம் இருக்கும்படி பிடித்து, மேலே கிடந்த பக்கத்துக்கு ஒன்று என்று எண் போட்டார். அப்படியே இருபத்து நான்கு வரை. ஓரத்தில் இருந்த பழைய எண்களை அழகு கெடுகிறது என்று வெட்டிவிட்டார். செயலரின் முன்னுரையும் நடுவத்தின் முத்திரையும் அந்தத் தவறான முனையில் ஏறி உட்கார்ந்தன. முதல் பக்கத்தில் கழுதை தூங்கியது. இருபத்து நான்காம் பக்கத்தில் கண் விழித்தது.

நூற்குழு உறுப்பினர்கள் இருவரும் இந்த மாதிரிப் படியில் பக்கத்துக்குப் பக்கம் சுருக்கொப்பம் இட்டார்கள். இருவருக்கும் அரபு தெரியாது. படத்தைப் பார்த்தே கருத்துரை எழுதினார்கள்: "கதை உறக்கத்தில் தொடங்கி விழிப்பில் முடிகிறது. கற்போருக்கு ஊக்கம் தரும் அமைப்பு." இதைத் தட்டச்சு செய்து கையொப்பமும் இட்டிருக்கிறார்கள். நான் சேவையில் எத்தனையோ பொய் அறிக்கைகளைப் பார்த்தவள். இத்தனை சுத்தமான தாளில், இத்தனை அழகான எழுத்துருவில் பார்த்ததில்லை. சீ.

4

தேர்வு நாளன்று எனக்கு உள்ளே அனுமதியில்லை. கற்பித்தவர் தேர்வறையில் இருக்கக் கூடாது என்பது எட்டாம் விதி. சரியான விதி, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அரபு தெரிந்த தேர்வாளர் ஒருவர் வந்திருக்க வேண்டும். அவர் வேறு வேலை என்று அந்நேரம் வரவில்லை. நடுவத்தின் அலுவலக உதவியாளர் மதிப்பெண் படிவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மாலையில் தேர்வாளர் வந்து, காப்பி குடித்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

படிவத்தின் முதல் கேள்வி: "பக்கம் 1, வரி 1இல் தொடங்கினாரா?"

பாபுவும் மற்ற மூவரும் உதவியாளர் திறந்து கொடுத்த இடத்தில் வாசித்தார்கள். "நா இன்னா பண்றது டீச்சர், அவுரு தொறந்து குட்த்தாரு, நா படிச்சேன். கய்தைக்கு மொதல்ல செருப்ப கய்ட்டி, அப்பால மாட்டி வுட்டுட்டு வந்தேன்" என்றார் பாபு.

ஸ்டெல்லா புத்தகத்தை வாங்கித் திருப்பினாள். முன்னுரை இல்லாத மறுமுனையைத் திறந்தாள். கழுதை கண் விழிக்கும் இடத்திலிருந்து ஒரு பிழையும் இல்லாமல் வாசித்து முடித்தாள். உதவியாளர் நடுவில் இரண்டு முறை "இங்க இல்லம்மா, முன்னாடி" என்றாராம். "இதான் சார் முன்னாடி" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தாளாம்.

ஜனவரி முதல் வாரம் முடிவு வந்தது. நால்வர் தேர்ச்சி. ஸ்டெல்லா தவறினாள். காரணம்: "கடைசிப் பக்கத்தில் தொடங்கியமை. அறிவுறுத்தலை ஏற்காமை."

5

அன்றே முறையீடு எழுதினேன். ஐந்து பத்தி, ஆறு இணைப்பு. அதற்கு முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்று அவர்களுடைய இருபதாம் விதி சொல்கிறது. கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கினேன். முத்திரை குத்த மை இல்லை என்றார்கள். காத்திருந்து மை வந்த பின் வாங்கினேன்.

செயலர் என்னை உள்ளே அழைத்தார். நாற்காலியும் காட்டினார்.

"மேடம், சின்ன விஷயம். பேஜ் நம்பர்தானே?"

"ஒருவருடைய வேலை."

"புரியுது மேடம். ஆனா ரெண்டு மெம்பர்ஸ் சைன் பண்ணியிருக்காங்க. அவங்கள நாம தப்புன்னு எழுத முடியுமா? பெரியவங்க." பேனாவை மூடி வைத்தார். "நீங்க ஸ்ரீலங்கா சிட்டிசன் இல்லையா? விசா எல்லாம் கரெக்டா இருக்குதானே? சும்மா அக்கறையில கேக்கறேன்."

அந்த அக்கறையின் நாற்றம் அறையில் இருந்த பூங்கொத்தையும் மீறி அடித்தது. என் பையில் எப்போதும் இருக்கும் அனுமதிக் கடிதத்தின் நகலை எடுத்து அவர் மேசையில் வைத்தேன். "இதை ஏழாம் இணைப்பாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

வெளியே வந்து நேரே அச்சகத்துக்குப் போனேன். ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள் பசை மணக்கும் சின்ன அறை. உரிமையாளர் மூல நூலையும் அச்சிட்டதையும் அருகருகே வைத்துப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"அய்யய்யோ. நமக்கு இந்த எழுத்து தெரியாதும்மா. படிச்சவங்க ரெண்டு பேரு பக்கம் பக்கமா கையெழுத்து போட்டு அனுப்பிட்டாங்க, நா இன்னா நெனைப்பேன்? குடுங்க, வேற அடிச்சுத் தரேன். தப்பு என்னுது."

தவறு தன்னுடையது என்று இந்த விவகாரத்தில் சொன்ன ஒரே மனிதர் அவர். அந்த எழுத்தே தெரியாதவர்.

வீட்டில் ரிஸானா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எதுக்குமா இவ்ளோ டென்ஷன், விட்டுடுங்க" என்றாள். என்னை அவள் அம்மா என்று அழைக்கத் தொடங்கியது நான் இங்கே வந்த ஆறாம் ஆண்டில். பக்கத்து வீட்டுக்காரிகள் முன்னால் மட்டும் என்று ஆரம்பித்தது, இப்போது வீட்டுக்குள்ளும் உம்மா இல்லை. "அந்தச் செயலரோடு நான் கதைத்தது..." என்று தொடங்கினால், "பேசினதுன்னு சொல்லுங்கம்மா, கதை வுடறீங்கன்னு நெனைப்பாங்க" என்று திருத்துகிறாள். எழுத்துக் கூட்ட நான் பழக்கிய பிள்ளை. திருத்தட்டும். முதல் நினைவூட்டல் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

6

ஜனவரி கடைசி வாரம் செயலர் தொலைபேசியில் வந்தார். குரல் தேனாக இருந்தது. "மேடம், மனிதாபிமான அடிப்படையில அந்த லேடிக்கு ரீ-டெஸ்ட் வச்சிடலாம். அதே புக்தான். பேஜ் ஒண்ணுலேருந்து படிக்கச் சொல்லுங்க, அன்னிக்கே சர்டிபிகேட்."

ஸ்டெல்லாவை வரச் சொல்லி, போகாதே என்றேன். தவறான புத்தகத்தில் தவறான முனையிலிருந்து வாசித்தால், அந்தப் புத்தகம் சரி என்று நாமே சாட்சி சொன்னதாகும் என்று விளக்கினேன். விதியை வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"டீச்சர், பொஸ்தகம் எப்டியோ கவுந்து கெடக்கட்டும். எனக்கு மூணாவது மாடி வோணும். முப்பத்தொண்ணாம் தேதிக்கு அப்பால நீங்க ஜெயிச்சா இன்னா, நா வாளிய தூக்கிக்கினு கீழ தானே நிப்பேன்?"

"அவர்கள் செய்தது அயோக்கியத்தனம், ஸ்டெல்லா."

"தெரியும். தெனம் தொடைக்கிறேனே, எனக்கு தெரியாதா?"

இருபத்து ஏழாம் தேதி போனாள். தூங்கும் கழுதையில் தொடங்கி, பக்கம் பக்கமாகப் பின்னோக்கி, விழிக்கும் கழுதை வரை வாசித்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பிழையும் இல்லை. "மிக நன்று" என்று எழுதிச் சான்றிதழ் கொடுத்தார்கள். பிப்ரவரி முதல் திங்கட்கிழமை மூன்றாம் மாடிக்குப் போனாள்.

அந்த வாரம் என்னைப் பார்க்க வந்தாள். நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. ஓமானிலிருந்து வந்த ஒரு தகப்பன் நீட்டிய தாளை வாசித்து நேரே எக்ஸ்ரே அறைக்கு அழைத்துப் போனதைச் சொன்னாள். குறிகள் இல்லாத எழுத்தை எப்படி வாசித்தாய் என்றேன். "கய்தை கதையில வந்த வார்த்தைங்கதான் பாதி. மீதிய குத்துமதிப்பா புட்ச்சேன்." அதுதான் வாசிப்பு. நான் கற்பிக்க நினைத்ததும் அதுதான். அன்று நான் மகிழ்ந்தேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

போகும்போது வாசலில் நின்றாள். "டீச்சர், அந்த லெட்டர வாபஸ் வாங்கிடுங்களேன். வேலதான் கெட்ச்சிட்ச்சே. அவுங்கள நோண்டிக்கினே இருந்தா எங்கயாச்சும் போய் முட்டும்."

முறையீட்டைத் திரும்பப் பெற ஒரு வரி போதும். அதற்கும் விதி உண்டு, இருபத்து இரண்டு. அந்த ஒரு வரியை எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். பிறகு, படத்தைப் பார்த்துக் கருத்துரை எழுதிய அந்த இருவரும் செயலரின் பூங்கொத்தும் கண்முன் வந்தன. இந்த மனிதர்களை இப்படியே விட்டுவிட்டால் அடுத்த ஆண்டும் இதே புத்தகம், இதே ஒப்பம். கழித்தல் அறிக்கையில் ஒருமுறை கையெழுத்துப் போட்டவள் நான், மறுபடி போட மாட்டேன் என்று சொல்லிக்கொண்டேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, இரண்டாம் நினைவூட்டலை நடுவத்தின் தலைவருக்கே பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஸ்டெல்லாவிடம் சொல்லவில்லை.

7

பதில் பதிவுத் தபாலில் வந்தது. தலைவரே கையொப்பமிட்டிருந்தார். இரண்டு பத்தி. நான் கேட்டது ஒவ்வொன்றும் அதில் இருந்தது. நூற்குழு நூலை வாசிக்கவில்லை என்பது உறுதியாகிறது. பக்க எண்கள் தலைகீழாக உள்ளன. உறுப்பினர் இருவரும் விலகிக்கொண்டார்கள். என் விழிப்புணர்வுக்கு நடுவம் நன்றி தெரிவிக்கிறது.

இரண்டாம் பத்தி இது: "எனவே மேற்படி நூலைக் கொண்டு நடத்தப்பட்ட தேர்வு, மறுதேர்வு ஆகிய இரண்டும் செல்லாதவை. அவற்றின் பேரில் வழங்கப்பட்ட சான்றிதழ்கள் ஐந்தும் ரத்து செய்யப்படுகின்றன. புதிய தேர்வு வரும் டிசம்பரில் நடைபெறும். நகல்: சம்பந்தப்பட்ட பணியிடங்களுக்கு."

முறைப்படி சரியான முடிவு. நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பேன், நகல் அனுப்பவும் மறந்திருக்க மாட்டேன். மூன்று முறை வாசித்து ஓட்டை தேடினேன். இல்லை.

ரிஸானா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னம்மா, நல்ல செய்தியா?"

முறையீட்டை ஏற்றுக்கொண்டார்கள் என்று சொன்னேன். "பாத்தீங்களா, ஜெயிச்சிட்டீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நகல் எனக்கு முன்பே மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அங்கே போகச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். மூன்றாம் மாடியில் ஸ்டெல்லாவுக்கு அது ஏழாவது வாரம். கடிதம் கிடைத்த நாள் மார்ச் பதினேழு, செவ்வாய்க்கிழமை.